தொட்டியோர இடுக்கு

விடுதியிலிருந்து மெஸ்ஸுக்குப் போக ஒரு குறுக்கு வழி இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தால் போதும், முற்றத்தைச் சுற்ற வேண்டாம். ஜூனில் முதலாமாண்டுப் பெண்கள் அத்தனை பேரும் அதில் நுழைந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு பாதிப் பேர் சுற்றிப் போனார்கள். மெஸ் பூரியும் உருளைக்கிழங்கும் அப்படி. பொங்கல் கழிந்தபோது ரெஜிலா மட்டும்தான் மிச்சம். மூன்றாவது பூரியைத் தொடாத வைராக்கியம் என்று எல்லாரும் மெச்சினார்கள். கொஞ்ச நாளாக வயிற்றை எக்கி, மூச்சை அடக்கித்தான் நுழைகிறாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. இடுக்கின் மெஸ் பக்க முனையில், வயிற்று உயரத்தில், தினமும் புதிதாகக் கோதுமை மாவு அப்பியிருந்தது. யாருடைய வயிறு அது? பார்த்துவிடலாம் என்று ஒருநாள் அரைமணி முன்னதாகவே போய் நுழைந்தாள். பாதி தூரம் வந்தபோது எதிரே வெளிச்சம் அடைபட்டது. பூரி போடும் முத்துக்கனி அக்கா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு தோளை உள்ளே விட்டு முட்டி நின்றாள். ரெஜிலாவைக் கண்டும் அவள் வெட்கப்படவில்லை. “பதினஞ்சு வருசமா பாக்கேன், ஒரு சாணுக்கு மேல போக மாட்டேங்கு,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்: “ஏட்டி, நடுவுல நிக்கையில எப்படி இருக்கும்?” பதில் ரெஜிலாவின் தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் மூச்சை விட வேண்டும்.