பெயின்ட் காயாத சுவர்

இரும்புத் தகடு சுவரில் கிறீச்சிட்டது. பள்ளிக்கூடத்துக் காவலாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முதல் எழுத்து ஏற்கெனவே தரையில் கிடந்தது.

அவன் பள்ளியின் கேட் அருகிலேயே நின்றுவிட்டான். மத்தியானம் விமானம். கூட வந்த சேவைச் சங்கத்துக்காரர்கள் ஓட்டலில் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, கிளம்புமுன் அந்தச் சுவரைத் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான்.

"யோவ், என்ன பண்ற?"

காவலாளி திரும்பினார். முகத்தில் ஒரு திடுக்கிடல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. "சுவரைச் சுத்தம் பண்றேன் சார்."

"அது என் பொண்டாட்டி பேரு."

"தெரியும் சார். நேத்து நீங்க எழுதும்போது பெயின்ட் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்."

அவனுக்கு உச்சி வரை சூடேறியது. பாய்ந்து போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மனைவி போனதிலிருந்து மரத்துக் கிடந்தவனுக்குக் கோபம் என்று ஒன்று வந்ததே அன்றைக்குத்தான்.

சேவைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவள் அவள். ஊரில் ரத்ததான முகாமா, மரக்கன்று நடுவதா, முதல் ஆளாக நிற்பாள். வீட்டில் ஒரு பல்பு மாற்ற ஆளில்லை, ஊருக்கு விளக்கேற்றப் போகிறாள் என்று அவன் கேலி பேசுவான். கடல் தாண்டி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவும் அவள்தான் முதலில் கை தூக்கினாள். அதற்குள் நோய் கொண்டுபோய்விட்டது. அவள் இடத்தில் அவன் வந்தான்.

சங்கத் தலைவர் ஒரு பல் மருத்துவர். பொருளைக் கொடுத்துவிட்டுக் கை தட்டிக்கொண்டு வருவது சேவையில்லை என்பது அவர் கொள்கை. முதலில் உறுப்பினர்கள் முதுகு வளைந்து வேலை செய்ய வேண்டும், அதைப் படமெடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பொருள்.

தலைமையாசிரியை கேட்டது வகுப்பறைகளுக்கு மின்விசிறி. என்ன வேலை செய்யலாம் என்று தலைவர் கேட்டதும், இந்தச் சுவரைக் காட்டினார். கட்டின நாளிலிருந்து பெயின்டே காணாத சுவர் என்று சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீலம் அடித்து முடித்தார்கள். மின்விசிறிகள் வந்து இறங்கின.

சுவரின் ஓரத்தில், பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக, அவள் பெயரை அவனே வெள்ளையில் எழுதினான். வங்கியில், செல்போனில், அவள் வேலை பார்த்த அலுவலகத்துக் கதவில் என்று ஒவ்வோர் இடமாக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டே வந்தார்கள். இங்கே ஓர் இடத்திலாவது நிற்கட்டும் என்று நினைத்தான்.

"எதுக்குய்யா சுரண்டின? நாங்க உனக்கு என்ன கெடுதல் பண்ணோம்?"

"கெடுதல் ஒண்ணும் இல்ல சார். எழுத்தை முதல்ல எடுத்துடணும். காஞ்சுட்டா உயிரை வாங்கிடும்."

பாத்திரம் துலக்குவதைப் பற்றிப் பேசுகிறவர் போல அதைச் சொன்னார். குடித்திருக்கிறாரா என்று அவன் முகர்ந்தே பார்த்தான். பெயின்ட் வாடை மட்டும்தான் வந்தது.

சட்டையை விட்டுவிட்டுக் குனிந்து, கீழே கிடந்த முதல் எழுத்தை எடுத்தான். அந்தச் சில்லு பிஸ்கட் கனம் இருந்தது. உடைந்த ஓரத்தில் நீலத்துக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் ரோஸ். அவன் கண்ணுக்கு எழுத்து மட்டும்தான் தெரிந்தது. கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு காவலாளியைத் தலைமையாசிரியையின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. இந்த ஆளை வேலையை விட்டுத் துரத்தாமல் இந்த ஊரை விட்டு நகரமாட்டேன் என்றான். மாட்டின மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவோம் என்றான். போலீஸ் என்றும் சொல்லிப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் காவலாளி, அம்மா வரட்டும் சார் என்ற ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"உன் பேரை எவனாவது இப்படிச் சுரண்டினா சும்மா இருப்பியா?"

"என் பேரை யாரு சார் எழுதினாங்க, சுரண்டறதுக்கு?"

அவன் கதவுக்குப் பின்னால் மூலையில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். தலைக்கு மேல் சங்கத்தின் மின்விசிறி புதுச் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாளுக்கு இது தெரிந்தால் துடித்துப்போவார் என்று அவன் நினைத்தான். நேற்று அவன் எழுதி முடித்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இனி இது எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர், கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவர் ஆயிற்றே. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கதவு விரியத் திறந்து, அவன் இருந்த மூலையை மறைத்தது. நடு அறையில் தகடும் கையுமாக நின்ற காவலாளி கண்ணாலேயே கதவுப் பக்கம் காட்டினார். தலைமையாசிரியை அதைக் கவனிக்கவில்லை. கைப்பையை மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"அதுக்குள்ள ஏன்யா சுரண்டின? இவங்க ஃபிளைட் ஏறட்டும்னு சொன்னேன்ல, அடுத்த சங்கம் நாளைக்குத்தானே வருது?"