இறக்கிப் போட்ட விறகு

பழனியம்மாளின் விறகு வண்டி சந்துக்குள் பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டதும், நிர்மலா கரண்டியைச் சாம்பார் குண்டானிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். இன்று வெள்ளி.

நான்கு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பழனியம்மாள் இருக்கும் வத்தல்மலையில் டவர் கிடைக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போன வாரம்கூட அதே போனில்தான் இருவரும் அரைமணி நேரம் பேசியிருந்தார்கள்.

தருமபுரி மெடிக்கல் காலேஜ் பக்கம் நிர்மலா மெஸ் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஆடி மாதம் கடைகளுக்கான கேஸ் சிலிண்டர் விலை கிடுகிடுவென்று ஏறியது. அந்த விலை கொடுத்தாலும் சொன்ன நாளில் வரவில்லை. ஒருநாள் காலையில் இட்லி பாதி வெந்திருக்கும்போதே அடுப்பு அணைந்துபோனது.

அன்றைக்கே பின்னால் தகரம் போட்டு இரண்டு விறகடுப்பு கட்டினாள். மலையில் கொஞ்சம் காபித் தோட்டம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து சாமை கொண்டுவந்து விற்கும் பழனியம்மாளைக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு வெறகு இருந்தாலும் கொண்டா பழனியம்மா. இனிமே நான் கேஸ் பக்கமே போறதில்லை."

அப்போது அதை மனசாரத்தான் சொன்னாள்.

முதலில் சுள்ளியும் கிளையுமாக வந்தது. பிறகு பிளந்த கட்டை வந்தது. வாரம் ஒரு வண்டி, வெள்ளிக்கிழமை தவறாமல். மழை பெய்த வாரம்கூட நிற்கவில்லை. பக்கத்து மெஸ்கள் இரண்டு பூட்டிக் கிடந்தபோது நிர்மலா மட்டும் மூன்று வேளையும் சோறு போட்டாள்.

ஐப்பசி முடிவதற்குள் கேஸ் விலை இறங்கிவிட்டது. கேட்ட அன்றே சிலிண்டர் வந்தது. சமைக்கிற காவேரி புகையில் இருமி இருமி இரண்டு நாள் படுத்துவிட்டாள். சோற்றில் புகை வாடை அடிக்கிறதென்று சாப்பிட வரும் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். இந்தத் திங்கட்கிழமை நிர்மலா கேஸுக்கே திரும்பிவிட்டாள். யாராக இருந்தாலும் மாறித்தான் இருப்பார்கள்.

பழனியம்மாள் முன்சீட்டிலிருந்து இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே நீலமாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குமேல் நிர்மலா சொல்ல எதுவும் மிச்சமில்லை. இருந்தாலும் சொன்னாள். விலை இறங்கியதை, காவேரியின் இருமலை, போன் பண்ண நினைத்ததை.

பழனியம்மாள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திருப்பி மலைக்கு ஏத்திக்கிட்டுப் போயி நான் என்னங்க்கா பண்றது. இங்கியே கெடக்கட்டும். என்னைக்காச்சும் உங்களுக்கு ஆவும்."

அவளே கட்டைகளை இறக்கிச் சுவரோரமாக அடுக்கினாள். வண்டி வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டாள். விறகுக்கென்று நீட்டிய பணத்தைத் தொடவில்லை. எரிக்காத விறகுக்கு எதுக்குங்க என்று சிரித்தாள். நின்றபடியே ஒரு டீ குடித்தாள்.

வழக்கமாக, வெள்ளிக்கிழமை வர்றேங்க்கா என்பாள். இன்று வர்றேங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. விறகு நனைந்துவிடக் கூடாதென்று நிர்மலா தார்ப்பாயை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

ஒன்றுகூடக் கிளை இல்லை. எல்லாம் அடிமரம். நேராக, ஒரே தடிமனாக இருந்தன. காபிச் செடிக்கு நிழலுக்காக மலைத் தோட்டங்களில் வளர்க்கும் சில்வர் ஓக். அதை யாரும் அடுப்புக்கு வெட்ட மாட்டார்கள்.

போன மாதம் வந்த கட்டைகளும் இப்படித்தான் இருந்தன. உலை வைக்கும் அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை.

அடியில் கிடந்த ஒரு கட்டையில், வதங்கிய கொடி ஒன்று இன்னும் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிர்மலா குனிந்து இழுத்தாள். சரம் சரமாகக் கையோடு வந்தது.

மிளகு. தை மாதம் பறிக்க வேண்டியது. இன்னும் பச்சையாகவே இருந்தது.