வெள்ளை முயலின் கறுப்புக் காது

அடையாறு கிளினிக்கில் முயலை மேஜைமேல் வைத்தாள் சாய்மா.

“வெள்ளையாத்தான் வாங்கினோம், டாக்டர். இப்ப காது, மூக்கெல்லாம் கறுத்துப்போச்சு.”

“கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்” என்று சிடுசிடுத்தார் அவள் அத்தா மெஹபூப் அலி.

“யாரும் ஏமாத்தல. இந்த ரக முயலோட மரபணு குளிருக்குத்தான் முழிச்சுக்கும். குளிர் படற இடத்துல மட்டும் கறுப்பு முடி முளைக்கும். ஏசியில வெக்கிறீங்களா?” என்றார் டாக்டர்.

சாய்மாவுக்குப் புல்லரித்தது. “குளிர் பார்த்தா நிறம் போடுது! ஆனா டாக்டர், இது பால்கனியிலதான் இருக்கு. வீட்டுக்குள்ள விடவே கூடாதுன்னுட்டாரு அத்தா. ஏசியும் அவர் ரூம்ல மட்டும்தான்...”

சட்டென்று நிறுத்தி அத்தாவைப் பார்த்தாள்.

அவர் முயலின் காதைப் பிரமிப்புடன் வருடிக்கொண்டிருந்தார்.

“யா அல்லா! என் மெத்தையில படுத்துக்கிட்டதை இப்படியா காதுல எழுதி வெப்பே?”