குளிர்ப் பட்டை

பூம்பாறையில் இந்த வருஷம் போதிய குளிர் வரவில்லை. தோட்டக்கலை வாரியம் ப்ளம்ஸ் மரங்களில் கட்டியிருந்த பட்டைகள், குளிரடித்த மணி நேரத்தை எண்ணி எண்ணி நானூற்றுப் பத்திலேயே நின்றுவிட்டன. அறுநூறைத் தொட்டால்தான் மரம் தூங்கிவிட்டதாகக் கணக்கு. அப்போதுதான் கிளை வெட்டும் கவாத்துக் கத்தரியின் பூட்டு திறக்கும். மாசிக்குள் கவாத்து செய்யாத தோட்டத்தை வாரியம் எடுத்துக்கொள்ளும்.

நாகஜோதிதான் வழி கண்டுபிடித்தாள். தன் தோட்டத்து நாற்பது பட்டைகளையும் கழற்றி வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கினாள். எட்டு நாள் இட்லி மாவு வெளியே கிடந்து பொங்கி வழிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கத்தரி திறந்தது.

அவளும் புருஷன் சடையாண்டியும் இரண்டு நாள் இடுப்பொடிய வெட்டினார்கள். கடைசி மரத்தை முடித்துத் திரும்பினால், முதல் மரத்திலிருந்தே வெட்டிய இடமெல்லாம் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, மரம் முழிச்சிருக்குங்க! இப்படியே வடிஞ்சா பட்டுப்போயிருங்க!"

சடையாண்டி வாரியத்துக்குப் போன் போட்டான். "அம்மா, வெட்டுன எடமெல்லாம் தண்ணியா வடியுதும்மா. என்ன செய்யட்டும்?"

"உங்க நாப்பது மரமும் நல்லா தூங்குதுன்னு காட்டுதுங்களே. தூங்குற மரத்துல எப்படிங்க வடியும்?"

உண்மையைச் சொன்னால் தோட்டம் இன்றைக்கே போய்விடும்.

"சரிங்கம்மா" என்று போனை வைத்தான்.

நாகஜோதி ஒரு வெட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் ஓடிப்போய் அடுத்த மரத்தைப் பொத்தினான். விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை. மூன்றாவது மரத்துக்கு ஆள் இல்லை.