முத்து முத்தான எழுத்து

மனித குலம் இனி எழுத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை என்று அவன் அலுவலகத்தில் அறிவித்தான். நான்கு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருவர் மரியாதைக்கு.

எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டம் கட்டமாக உடையாத எழுத்தைத் தான் உருவாக்கிய மொபைல் கேமின் திரைக்கு அவன் கொண்டுவந்தது அப்பாவுக்காக. "எழுத்து பொடியா இருக்குடா" என்று அவர் விளையாடுவதையே விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனை அவர் கையில் திணித்துவிட்டு முகம் கழுவப் போனான்.

"மேல இருக்கற கோட்டை இழுங்கப்பா, எழுத்து பெருசாகும்!"

"இழுத்துட்டேன்டா."

"தெரியுதா?"

"தெரியாம என்ன? முத்து முத்தா இருக்கு. என் பையன்னா சும்மாவா!"

"நான்தான் சொன்னேனே, கோளாறு உங்க கண்ணுல இல்ல, எழுத்துலதான்!"

துண்டோடு வந்து போனை வாங்கினான்.

வழியெல்லாம் எல்லோருக்கும் காட்டியதில், அவன் கவனிக்காமலே பஸ்ஸில் சார்ஜ் தீர்ந்து அது அணைந்துபோயிருந்தது.