கொசுவுக்குச் சம்மதம்

"கொசுவ ஒழிங்கன்னு சொன்னா, டப்பாவுல அடைச்சுக் கொண்டாந்து தெருவுல விடுறேங்கிறீங்க. நல்லா இருக்கும்மா ஒங்க நியாயம்."

திருமலைச்சாமி சொன்னதும் மண்டபமே சிரித்தது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. போன மழைக்காலத்தில் அவர் பேரன் டெங்குவில் பிழைத்தது மறுபிழைப்பு. புதிதாக ஒரு கொசுவையும் தெருவுக்குள் விடுவதில்லை என்ற முடிவோடுதான் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

"ஐயா, நாங்க விடப்போற கொசுவுக்குள்ள ஒரு பாக்டீரியா இருக்குங்க" என்று ஆரம்பித்தாள் மேடையில் நின்ற ஆராய்ச்சியாளர் மணிமேகலை.

"அதுவும் கிருமிதானே?"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மணிமேகலை சற்றுத் தடுமாறினாள்.

"கிருமிதாம்மா. ஆனா கெடுதல் பண்ணாது. தும்பி, பட்டாம்பூச்சின்னு எத்தனையோ பூச்சிக்குள்ள காலங்காலமாக் குடியிருக்கு. டெங்குக் கொசுவுக்குள்ளதான் இல்ல. நாங்க சேத்திருக்கோம்."

"சேத்தா?"

"கொசுவோட எதிர்ப்புச் சக்தி முழிச்சுக்கிரும். டெங்கு வைரஸ் உள்ள வந்தாலும் லேசுல பெருக விடாது."

"கொசு கடிக்குமா, கடிக்காதா?"

"கடிக்கும்."

"விடாதீங்கம்மா, நல்லாக் கேளுங்க" என்றார் திருமலைச்சாமி. தான் கேட்க நினைத்ததையெல்லாம் அவள் கேட்பதில் அவருக்கு ஏக உற்சாகம்.

"கடிச்சா அந்தக் கிருமி மனுசனுக்கு வராதா?"

"வராதும்மா. அது பூச்சி உடம்புல மட்டுந்தான் பிழைக்கும். ஆய்வுக்கூடத்துல என் கையக் கடிக்க விட்டுத்தான் வளக்குறேன்."

"எங்க, கையக் காட்டு."

மணிமேகலை கையை உயர்த்தினாள். முழங்கை வரை புள்ளி புள்ளியாகத் தடிப்பு. அந்தப் பெண் எக்கி நின்று அந்தக் கையையே உற்றுப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "இந்தக் கொசு செத்துட்டா, மறுபடி டப்பாவத் தூக்கிட்டு வருவியா?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. அப்புறம் முட்டை வழியா அதுவே அடுத்த தலைமுறைக்குப் போயிரும்."

"ஆண் கொசுவும் குடுக்குமா?"

"குடுக்காது. தாய்கிட்டருந்துதான் வரும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. திருமலைச்சாமி கேட்பதற்கு ஒரே கேள்விதான் மிச்சமிருந்தது.

"டெங்கு அடியோட ஒழிஞ்சிருமா?"

"அப்பிடிச் சொல்ல மாட்டேங்கய்யா. நல்லாக் குறையும். தண்ணித் தொட்டிய மூடி வைக்கிற சோலி ஒங்களுக்கு இருக்கத்தான் செய்யும்."

ஒழிந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். இப்போது பேரனை நினைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கை தூக்கினார். மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன.

பின்வரிசைப் பெண் மட்டும் தூக்கவில்லை.

திருமலைச்சாமி அவளிடம் போனார். "இன்னுமாம்மா சந்தேகம்? நம்ம தெருவுல நீங்க யாரு வீடு?"

"நான் இந்தத் தெரு இல்லீங்க, கை தூக்குறதுக்கு. பூண்டுக் காட்டு வேலையப் போட்டுட்டு வில்பட்டியிலருந்து வெள்ளனே பஸ் ஏறி வந்தேன்" என்றாள் அவள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுல எப்பக் கேட்டாலும் 'ஒனக்குப் புரியாதும்மா'ன்னு எந்திரிச்சுப் போயிருவா எம் மக. இங்கன்னா ஓட முடியாதுல்லங்க."