இன்றைய பொய்

மருத்துவர்களின் மூளை துருப்பிடிக்காமல் இருக்க, நோயறியும் இயந்திரம் தினமும் வேண்டுமென்றே ஒரு பொய் சொல்லும். எது பொய் என்று மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ராத்திரி தின்ன பரோட்டாதான் வேலையக் காட்டுது, டாக்டரம்மா," என்று வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தார் இசக்கிமுத்து.

"வாயுத் தொல்லை. மாத்திரை போதும்," என்றது இயந்திரம்.

மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததை டாக்டர் நஸ்ரின் பார்த்தார்.

"அண்ணாச்சி, எந்திரிக்காதீங்க. ஈசிஜி எடுத்துருவோம்."

மாரடைப்பேதான். உடனே சிகிச்சை தொடங்கியது. சாயங்காலம், இனி பரோட்டா தின்னலாமா என்று கேட்கும் அளவுக்கு அவர் தேறிவிட்டார்.

நஸ்ரின் சிரித்துக்கொண்டே இயந்திரத்திடம் வந்தார். "இன்னைக்குப் பொய்யப் பிடிச்சிட்டேன், பாத்தியா?"

"இல்லை, டாக்டர். இன்றைய பொய்யை நான் இன்னும் சொல்லவில்லை. வாயுத் தொல்லை என்றதை உண்மையென்று நம்பித்தான் சொன்னேன்."